பால் ஊற்ற வந்த கை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள். மறதியும் வந்துவிட்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பெங்களூர் ஆடுகோடியில் இருக்கிறோம். எங்கள் சந்தில் பாதிப் பேர் வேலூர், ஆற்காடு பக்கத்திலிருந்து வந்தவர்கள். பிள்ளைகள் தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசும். ஆனாலும் மாசி பௌர்ணமிக்குக் காமன் பண்டிகையை விட்டதில்லை. அமாவாசை கழிந்ததும் சந்து முனையில் கரும்பும் ஆமணக்குக் கொம்பும் நட்டு வைக்கோல் பிரி சுற்றுவோம். அதுதான் மன்மதன். தவத்தைக் கலைத்ததற்காக ஈசுவரன் நெற்றிக் கண்ணால் எரித்தார் அல்லவா, அதுபோலப் பௌர்ணமி சாயங்காலம் அதைக் கொளுத்துவோம். மூன்றாம் நாள் காலையில் சாம்பலில் பால் ஊற்றுவோம். ரதி அழுது கேட்டதால் அவள் கண்ணுக்கு மட்டும் அவன் திரும்பி வந்தானாம். எந்தக் கை கொளுத்தியதோ அந்தக் கைதான் பால் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் சந்து வழக்கம். ஊற்றாவிட்டால் ரதி தாலியறுத்தவளாகவே தெருவில் நிற்பாள் என்று பயம்.

எரியும்போது தப்பு மேளம் அடித்து, இரண்டு கட்சியாக நின்று பாடுவார்கள். மன்மதன் எரிந்தான் என்பது ஒரு கட்சி, எரியவில்லை என்பது இன்னொரு கட்சி. எவன் எவனை எப்படிக் கேலி செய்தாலும் நெருப்பு அணையும் வரை யாருக்கும் கோபம் வரக்கூடாது.

எனக்கு இரண்டு பையன்கள். பெரியவன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். எப்போதும் எரியாத கட்சி. சின்னவன் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். எரிந்த கட்சி. நான் சொல்ல வந்த வருஷம் கொளுத்தியவனும் அவன்தான். அதற்குச் சில மாதம் முன்பு, குடித்துவிட்டு வந்து, அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லைப் பெண்டாட்டி கையில் வைத்து அழுத்திவிட்டான். பெரியவன்தான் கதவை உடைத்து அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டுப்போட்டு, ஓசூரில் அவள் அம்மா வீட்டில் விட்டு வந்தான். சந்துக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சின்னவன் முதலில் அண்ணனின் தொப்பையைப் பாடினான். உன் மன்மதன் எரிய ஒரு லாரி விறகு வேணும்டா என்று. எல்லாரும் சிரித்தார்கள். பெரியவனும் சிரித்தான். பிறகு தப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, பாடாமல், சாதாரணமாகப் பேசினான்.

"மன்மதன் எங்கடா எரிஞ்சான்? உன் வீட்டு ரதி கைதான் எரிஞ்சுது."

சின்னவன் நெருப்பிலிருந்து ஒரு கொம்பை உருவி அண்ணன் முகத்தில் அடித்தான். இரண்டாவது அடியில் கொம்பு ஒடிந்து பொறி அவன் கண்ணில் தெறித்தது. முடி கருகும் நாற்றம். இடது புருவம் கிழிந்து தொங்கியது. நான் ஓடிப்போய்ப் பிடித்தபோது என் கை முழுக்க ரத்தம். சின்னவன் ஓடிவிட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்து கன்னடத்தில் கேட்டார், யார் அடித்தது என்று. பெரியவன் தானே நெருப்பில் விழுந்தேன் என்றான். தம்பியைக் காப்பாற்றுகிறான் என்று எனக்குக் கண்ணீர் வந்தது. அவர் போனதும் என் பக்கம் திரும்பினான்.

"போலீஸ் எதுக்கும்மா? பால் ஊத்த வருவான் இல்ல? சொம்ப சாய்க்கட்டும், அந்தக் கைய வெட்டி அதே சாம்பல்ல போடறேன்."

அவன் சொன்னால் செய்கிறவன். டாக்டர் விடமாட்டேன் என்று சொல்லியும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். நேராகப் பட்டறைக்குப் போனான். இடது கண்ணில் கட்டோடு உட்கார்ந்து லாரி ஸ்பிரிங் பட்டையைச் சாணை பிடித்துக் கத்தியாக்கினான். காலில் விழுந்தேன். என்னைத் தாண்டிப் போனான். சின்னவன் எங்கே ஒளிந்திருந்தான் என்று தெரியவில்லை. ஆனால் சந்துப் பெரியவர்கள் ஆள் விட்டிருந்தார்கள், பால் ஊற்றாமல் விடாதே என்று. அவன் அண்ணனுக்குப் பயப்பட மாட்டான், சாமிக்குப் பயப்படுவான். கட்டாயம் வருவான்.

ஓசூரில் இருந்த மருமகளுக்குப் போன் போட்டேன். முதலில் அழுதேன். என்ன அத்த, என்ன அத்த என்று கேட்டாள். சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் சந்தே கூடி நின்றது. பெரியவன் தோளில் துண்டு, துண்டுக்குள் கத்தி. சின்னவன் குளித்து, ஈரத்தோடு சொம்பை எடுத்து வந்தான். அண்ணனைப் பார்க்கவேயில்லை. சாம்பலுக்கு முன் குனிந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மருமகள் வந்தாள். பஸ்ஸில் வந்த கசங்கிய புடவை. தழும்பேறிய கையை நீட்டினாள்.

"எரிச்ச கையே ஊத்தினா அவன் எப்படி எழுந்து வருவான்? குடு."

சின்னவன் கொடுத்துவிட்டான். கொடுத்த கை வெறுமனே நீண்டபடி நின்றது. பெரியவன் கத்தியை உருவினான். யாரும் தடுக்கவில்லை. ஓங்கியவன், அவளைப் பார்த்தானோ என்னவோ, தன் மணிக்கட்டைத் திருப்பிக் கத்தியின் பின்பக்கத்தால் அந்தக் கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. கீழே விழுந்தவனை மிதித்தான். மறுபடி மிதித்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் சொம்பு காலியாகும் வரை ஊற்றினாள். பிறகுதான், "போதும் மாமா" என்றாள். நின்றுவிட்டான்.

அன்றைக்கே ஓசூர் பஸ் ஏறிவிட்டாள். சின்னவன் கை கோணலாகத்தான் கூடியது. ஆட்டோ ஓட்ட முடியாது. வைட்ஃபீல்டில் ஒரு அப்பார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேனாக நிற்கிறான். பெரியவனுக்கு இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும். இருவரும் பேசுவதில்லை. ஒவ்வொரு மாசியும் அவள் வந்து பால் ஊற்றிவிட்டுப் போகிறாள். வழக்கம் மாறிவிட்டது என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள், அவள் முன்னால் இல்லை.

வேலூர்ப் பக்கம் யார் பால் ஊற்றுவார்கள், ரதி அழுதது எரிக்கும் முன்பா பின்பா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, தப்பு இருந்தால் திருத்துங்கள்.