கை பிடிக்க அனுமதி

அந்த மனநல மருத்துவமனையில் வார்டு உதவியாளராகச் சேர்ந்தபோது அவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இப்போது மீசை நரைத்துவிட்டது. பட்டப்பெயர் மட்டும் நரைக்கவில்லை. காளான்.

அன்றைய பேராசிரியர் அங்கே, காளானிலிருந்து எடுத்த ஒரு மருந்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணை மூடினால் உருவம் உருவமாகக் காட்டும் மருந்து. குடியை நிறுத்தும், துயரத்தை ஆற்றும், வழுக்கையைத் தவிர எல்லாவற்றையும் குணமாக்கும் என்று மேடைக்கு மேடை பேசினார். நோயாளியிடம் சம்மதம் கேட்கிற வழக்கமெல்லாம் அந்த வார்டில் கிடையாது. காப்பியில் கலந்து கொடுத்துவிடுவார்கள். கலக்கியவர் பேராசிரியர். கோப்பையைச் சுமந்தவர் காளான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடமும் யாரும் சொல்லவில்லை.

இளைஞர்கள் தெருவில் அதையே தின்று ஆட ஆரம்பித்ததும் அரசு அரண்டுபோய்த் தடை போட்டது. நேற்று மருந்து, இன்று விஷம்; அதில் ஓர் அணுவும் மாறியிருக்கவில்லை. சோதனை போட வந்த போலீசார் அலமாரியில் மிச்சமிருந்த பாட்டிலைக் கண்டார்கள். சாவி காளானின் இடுப்பில் இருந்தது. பேராசிரியருக்கு வாசலில் மார்பளவுச் சிலை வைத்தார்கள், காளானைச் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்தவர் வயரிங் வேலை பார்த்துப் பிழைத்தார்.

ஆராய்ச்சி நெடுங்காலம் தூங்கியது. எலிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்கள். பிறகு ஒருநாள், ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்தது. இப்போது அதே வார்டில் மெத்தென்ற சோபா, மெல்லிய இசை, படித்து முடிப்பதற்குள் நோயே தீர்ந்துவிடும் நீளத்தில் சம்மதப் பத்திரம். சாவை நெருங்கியவர்களின் பயத்தை அந்த மருந்து தணிக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

காளானின் மனைவிக்குக் குடலில் புற்று. வலியைவிடப் பயம்தான் அவளைத் தின்றது. ஆய்வில் இடம் கிடைத்தது. கையைப் பிடித்துக்கொள்ள உறவினர் ஒருவர் கூட இருக்கலாம்.

"போதைப்பொருள் வழக்குல தண்டனை வாங்குனவங்க மட்டும் வார்டுக்குள்ள வரக்கூடாதுங்க ஐயா. நான் போட்ட ரூல் இல்ல" என்றார் இளம் டாக்டரம்மா.

"எந்தப் பொருள்னு பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன்." டாக்டரம்மாவால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

"அப்போ எனக்கு மருந்தே வேணாம்" என்றாள் மனைவி. "கடைக்குக்கூட இவர் இல்லாம போனதில்ல. கண்ணைக் கட்டிக்கிட்டு, தெரியாத இடத்துக்கு மட்டும் தனியாப் போவேனா?"

டாக்டரம்மா நிர்வாகக் குழுவோடு மல்லுக்கட்டினார். பாம்பும் சாகாமல் கோலும் உடையாமல் குழு ஒரு வழி கண்டது: காளான் வரலாம், ஆனால் மருந்துக்கும் நோயாளிக்கும் கைக்கெட்டாத தூரத்தில் உட்கார வேண்டும். நடுவில் ஒரு காவலர்.

அன்று காலை அவள் மாத்திரையை விழுங்கி, கண்பட்டை கட்டிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் கை காற்றில் துழாவியது. பக்கத்தில் இருந்தவர் காவலர்தான், பாவம், பிடித்துக்கொண்டார்.

"யாருய்யா இது? வேலை செஞ்ச கையே இல்லையே! எங்க வீட்டுக்காரர் எங்க?"

காவலர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா இசைப்பெட்டியைப் பார்த்தார்.

"நான் போலீஸ்ம்மா" என்றார் காவலர் தாழ்ந்த குரலில்.

"சந்தோஷம். தள்ளி நில்லுப்பா. எனக்குப் பயமா இருக்கு."

காவலர் எழுந்து நாற்காலியைக் காளானின் பக்கம் திருப்பினார்.

"உக்காருங்க பெரியவரே. யாராவது வர்றாங்களான்னு நான் பாத்துக்கறேன்."

கம்பி முறுக்கிக் காய்த்த அந்தக் கை வந்து சேர்ந்ததும் அவளுடைய மூச்சு மெல்லத் தணிந்தது. சட்டத்தின் ஆள் கதவோரம் நின்று, சட்டம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.