ஐந்தடி ஏழு அங்குலம்

என் மகன் வளரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட அம்மா நான். கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். இர்விங்கில் எனக்குத் தெரிந்த மற்ற தமிழ் அம்மாக்கள் பையன் உயரமாக வேண்டும் என்று பாலும் முட்டையுமாகத் திணித்துக்கொண்டிருந்தபோது, நான் டாக்டர் ஆபீஸில் நர்ஸ் அளந்து சொன்னதைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டேன். பதினாறு வயதில் ஐந்தடி ஏழு அங்குலம். போன வருடமும் அதேதான்.

எல்லாம் பந்தைக் கையால் எறிந்து ஆடும் இந்த அமெரிக்க ஃபுட்பாலால் வந்த வினை. பள்ளி அணியில் அவன் குவாட்டர்பேக், அதாவது பந்தை வாங்கித் தூரத்தில் ஓடுகிறவனுக்கு எறிபவன். அவனைக் கீழே தள்ளுவதற்கென்றே எதிரணியில் தடித்தடியாக ஆட்களை வைத்திருக்கிறார்கள். இதே உயரத்தில் நின்றுவிட்டால் அடுத்த வருடம் கோச் வேறு பையனைப் போட்டுவிடுவார் என்று என் கணவர் வருத்தத்தோடு சொன்னார். என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஒரு நாள் அவனை அழைத்துவரச் சீக்கிரமே போய்விட்டேன். பிராக்டிஸ் முடியவில்லை. எதிர்ப்பக்க வேலியோரம் நின்று பார்த்தேன். அவனைக் காப்பதற்காக முன்னால் நின்ற ஐந்து பையன்களும் ஆறடிக்கு மேல். அவர்களுக்குப் பின்னால் என் பிள்ளை இருக்கிறானா என்றே தெரியவில்லை. எனக்கு அவன் தெரியவில்லை என்றால், அவன் மேல் பாய வருகிறவன் அவனுக்கு எப்படித் தெரிவான்? உயரத்தைப் பற்றி அதுவரை நான் இப்படி யோசித்ததே இல்லை.

முன்னால் நிற்பவர்களைத் தாண்டி உனக்கு ஏதாவது தெரிகிறதா என்று காரில் ஏறியதும் கேட்டேன். வழக்கம்போல இங்கிலீஷில் பதில் வந்தது. பாதி நேரம் எதுவும் தெரியாதாம். ஆள் எங்கே ஓடியிருப்பான் என்று ஒரு கணக்கில் எறிவானாம். சரி, உன்னைத் தள்ள வருகிறவன்? காலடிச் சத்தம் கேட்கும், தரை ஈரமாக இருந்தால் அதுவும் கேட்காது என்று சாதாரணமாகச் சொன்னான்.

காரை ஸ்டார்ட் பண்ணவில்லை. கோச் எங்களைப் பார்த்துத்தான் நடந்து வந்துகொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த ஆட்டமெல்லாம் இன்றோடு முடிந்துவிடும். நான் யாரைப் பார்க்கிறேன் என்று அவனும் பார்த்துவிட்டான்.

"அம்மா, கோச்கிட்ட சொல்லாத," என்றான், தமிழில். "உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

அவன் என்னிடம் தமிழில் பேசி எத்தனை மாதம் ஆயிற்று! கோச் கையசைத்துவிட்டுக் கடந்து போனார். நானும் கையசைத்தேன். கோழை நான், வேறென்ன சொல்ல. வெள்ளிக்கிழமை ஆட்டம். மழை வரும் என்று போனில் காட்டுகிறது.