கண் விலகிய மீன்கள்

என் அக்காள் கிமியேயின் புருஷன் நம்பா யசுஹிகோவுக்குத் தொழில், பழைய சட்டையைப் பார்த்து அதே போலப் புதுச் சட்டை செய்து விற்பது. பார்ப்பது அவர், தைப்பது நான். எங்கள் ஊர் கொஜிமாவில் பள்ளிச் சீருடையோ ஜீன்ஸோ தைக்காத தெரு கிடையாது. அதனால் தையல்காரி என்றால் யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். நம்பாவிடம் தைக்கிறேன் என்றால் மட்டும் "ஐயோ பாவம், உட்காரும்மா" என்று தேநீர் ஊற்றித் தருவார்கள்.

காரணம் இருக்கிறது. ஊரில் தையல் நேராக வந்தால்தான் கூலி. இங்கே மூலச் சட்டையில் தையல் கோணலாக ஓடினால் என் தையலும் அதே இடத்தில் அதே அளவு கோணலாக ஓட வேண்டும். முதன்முதலில் ஒரு ரயில் எஞ்சின்காரரின் பழைய கோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். பைக்கு மேலே தையல் திடீரென்று ஒரு துள்ளுத் துள்ளியிருந்தது.

"இதைத் தைச்சவ இந்த எடத்துல தும்மியிருக்கா, ஃபுசாயே" என்றார் பரவசமாக.

"அதுக்கு நானும் தும்மணுமா அத்தான்?"

"தும்ம வேணாம். தும்மின மாதிரி தை."

வாலிபத்தில் அவர் சீருடைக் கம்பெனி ஒன்றின் விற்பனையாளர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஆர்டர் வாங்க வேண்டும். ஒருநாள் துறைமுகத்தில், எஞ்சின் துடைக்க வந்த கந்தல் மூட்டை ஒன்றில் அமெரிக்கக் கூலியாளின் கோட்டு ஒன்று கிடந்திருக்கிறது. மனிதர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அதன் தையலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அன்று எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை, மறுநாள் வேலையும் இல்லை. இவருக்கா பெண் கொடுப்பது என்று சித்தப்பாக்கள் எல்லாம் கேட்டார்கள். "பைத்தியந்தான். ஆனா குடிக்க மாட்டான், சூதாட மாட்டான். பழந்துணிதானே, போகட்டும்" என்று அப்பா கொடுத்துவிட்டார்.

சுரங்கக்காரர் கால்சட்டை, தீயணைப்புக்காரர் கோட்டு என்று ஆரம்பித்து, கடைசியில் ஹவாய்ச் சட்டையில் வந்து விழுந்தார். அவரிடம் வாங்க வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஹிரோஷிமாவிலிருந்து வரும் பல் டாக்டர் ஒருவர் பல் பார்க்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் பொத்தானைப் பார்ப்பார். இனம் இனத்தோடு சேரும். எல்லோருக்கும் அத்தான் சொல்வது ஒன்றே: "செத்துப்போனவங்க செஞ்ச வேலையைத் திருத்த நாம யாரு?" தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அக்காள் முணுமுணுப்பாள்.

இப்படிப்பட்டவரை ஒரு மீன் படுத்திய பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

ஹவாயில் ஹிலோ என்ற ஊரில் வயலட் நோப்ரிகா என்று ஒரு அம்மாள். முடிவெட்டும் கடை வைத்திருந்தவர். காலஞ்சென்ற கணவருடைய சட்டை ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தார். கருநீல ரேயான் துணி, அதில் வெள்ளி நிறத்தில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் மீன்கள். விற்க முடியாது என்று சொல்லிவிட்டார். அத்தான் விடுவாரா? ஹிலோவுக்குப் போகும்போதெல்லாம் அந்த அம்மாளிடம் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டார். இனி வெட்ட அந்தத் தலையில் ஒன்றும் இல்லை என்ற நிலை வந்த பிறகு, அந்த அம்மாளே மனமிரங்கி இரவல் கொடுத்தார்.

அந்தச் சட்டையில் மீன்களுக்குக் கண் இடத்தில் இல்லை. அச்சில் கண் மட்டும் விலகி விழுந்திருந்தது. ஒரு மீனுக்கு மூக்குக்கு முன்னால், ஒரு மீனுக்கு முதுகுக்கு மேலே. நோப்ரிகா அம்மாள் அதற்கு ஒரு கதை வைத்திருந்தார். கணவர் அந்தச் சட்டையோடு முதன்முதலில் முடிவெட்டிக்கொள்ள வந்தபோது, "என்னப்பா, மீனோட கண்ணு வெளியில இருக்கு?" என்று இவர் கேட்டாராம். "உன்னைப் பாக்கத்தான் வந்துடுச்சு" என்றாராம் அந்த ஆள்.

"அதுக்கப்புறம் கல்யாணம் பண்ணிக்காம என்ன செய்யறது?" என்று அத்தானிடம் சொல்லி, சட்டையை மடித்துக் கொடுத்திருக்கிறார். "இதை எடுத்தாலே கிழியுது. எனக்குன்னு ஒண்ணு செஞ்சு கொடுங்க. கண்ணைச் சரி பண்ணிடாதீங்க. எண்பத்தெட்டு வயசாச்சு எனக்கு, சீக்கிரமா செய்யுங்க."

அத்தான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ரேயானில் கையால் அச்சுப்போட எங்களுக்குத் தெரிந்து ஒரே இடம் கியோட்டோவில் ஒகுமுரா மஸுமியின் பட்டறை. என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மஸுமி அக்கா சட்டையை வாங்கி, முன்பக்க மடிப்பை விரித்து, துணி ஓரத்தில் இருந்த சின்ன முத்திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது எங்க வீட்டு முத்திரை. தாத்தா காலத்துல இங்கேருந்து ஹவாய்க்குப் போன துணி!"

கண் கலங்கத் துணியைத் தடவிக்கொண்டே போனவள், மீனின் கண்ணுக்கு வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். அத்தான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகியது.

"நம்பா சார், எங்க தாத்தா நூல் அளவு பிசகினா துணியையே கிழிச்சுப் போடுவாரு. அவர் கிட்டதான் நான் வேலை கத்துக்கிட்டேன். அவர் பட்டறையிலேருந்து இந்த அசிங்கம் எப்படி வெளிய போச்சுன்னே தெரியல. இதைத் திருப்பி அடிச்சு ஊரெல்லாம் காட்டணுமா?"

"ஆனைக்கும் அடி சறுக்கும் அக்கா" என்றேன் நான், சமாதானமாக.

"சறுக்கும். சறுக்கினதைப் படம் புடிச்சு மாட்டுவாங்களா?"

அத்தான் கெஞ்சினார். ஹிலோ அம்மாளின் கதையைச் சொன்னார். கதை கேட்டு அவள் சிரித்தாள், ஆனால் இறங்கி வந்தது பாதிதான். "சரி, அந்த அம்மாவுக்காக அடிச்சுத் தரேன். ஆனா எங்க வீட்டு முத்திரை விழாது. தப்புக் கண்ணு வேணும்னா பேர் கிடையாது. பேர் வேணும்னா கண்ணு எடத்துல இருக்கும். எதுன்னு சொல்லுங்க."

மூலத்தில் முத்திரை இருக்கிறது. முத்திரை இல்லாத துணி அத்தானுக்குப் பாதித் துணி. முப்பது வருஷமாக ஒரு நூலைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் அங்கே தொண்டையைக் கனைத்துக் கனைத்து நின்றார். எனக்கே பாவமாக இருந்தது.

"கண்ணு" என்றார் கடைசியில். "வாக்குக் கொடுத்துட்டேன்."

நீள மேஜையில் துணியை ஒட்டினார்கள். நிறத்துக்கு ஒன்றாக, வலைத்துணி கட்டிய அச்சுச் சட்டம். மேஜை ஓரத்து முளையில் சட்டத்தை முட்டவைத்து, அதன் மேல் சாயத்தைத் தேய்த்து இழுத்தால் படம் இருக்கவேண்டிய இடத்தில் விழும். கண் கடைசிச் சட்டம். மஸுமி முளைகளை ஒரு விரல்கடை நகர்த்திவிட்டு அடித்தாள். எல்லா மீனுக்கும் கண் ஒரே பக்கம் ஒரே அளவு விலகி விழுந்தது. தோடு போட்டுக்கொண்ட மீன்கள் மாதிரி இருந்தன.

"வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கே" என்றார் அத்தான்.

"வேணும்னேதானே சார் செய்யறேன்!"

முளையை எடுத்துவிட்டுக் கைபோன போக்கில் வைத்துப் பார்த்தாள். இடம், வலம், இடம், வலம் என்று கண்கள் அணிவகுத்தன. கண்ணை மூடிக்கொண்டு வைத்தாள். அப்போது பார்த்து எல்லாம் கச்சிதமாக இடத்தில் விழுந்து தொலைத்தன. தாத்தா பழக்கிய கை, தப்பு செய்யச் சொன்னால் என்ன செய்யும்? துண்டு துண்டாகத் துணி வீணானது. மஸுமிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"நீங்களே வச்சுப் பாருங்க, தெரியும்!" என்று சட்டத்தை அத்தான் கையில் திணித்தாள்.

நான் பதறிப்போனேன். அத்தானுக்குக் கண்தான் கூர்மை. கை சுத்தமாக ஆகாது. ஆணி அடித்தால் சுவரில்தான் ஓட்டை விழும். அவர் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறேன் என்று போட்டிருந்த கால்சட்டையோடு சேர்த்துத் தைத்தது ஊரறிந்த சங்கதி. அவரோ பயபக்தியாகக் கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

"எவ்வளவு விலகணும்?"

மஸுமி யோசித்தாள். "விலகவே கூடாது. நீங்க சரியா வைக்கணும். உயிரைக் கொடுத்துச் சரியா வைங்க பாக்கலாம்."

அத்தான் உயிரைக் கொடுத்து வைத்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, குனிந்து, ஒரு கண்ணைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து வைத்தார். கண் மூக்குக்கு முன்னால் விழுந்தது. "சே" என்றார். அடுத்ததற்கு இன்னும் கவனமாக வைத்தார். முதுகுக்கு மேலே போனது. நெற்றி வியர்க்க, "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே மேஜை நெடுக நகர்ந்தார். பின்னாலேயே மூலச் சட்டையைப் பிடித்துக்கொண்டு போன எனக்கு உடம்பு சிலிர்த்தது. அச்சு அசல் அதே மீன்கள்.

அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வாசலில் கேட்டது. மஸுமியின் அம்மா தோகி, துணி அலசும் கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடி மஸுமி, இது எங்கப்பா கைடீ!"

"யாரு? தாத்தாவா?"

"உங்க தாத்தா இந்த வீட்டோட மாப்பிள்ளையா வந்தவருதானே. அதுக்கு முன்னாடி டோஃபு கடையில இருந்தாரு. கல்யாணம் ஆன புதுசுல சட்டத்தை எங்க வச்சாலும் இந்தக் கதிதான். வேலையாளுங்க எல்லாம் எங்கம்மா கிட்ட, அவரு கையிலேருந்து அதை வாங்கிடுங்க, வீட்டுப் பேர் கெட்டுடும்னாங்களாம். எங்கம்மா வாங்கல. 'பொறந்த வீட்டை விட்டுட்டு, பேரையும் விட்டுட்டு, நம்ம வீட்டுப் பேரை வச்சுக்கிட்டு எனக்காக வந்த மனுஷன். கண்ணு வைக்கிற வேலையாவது அவரோடதா இருக்கட்டும்'னு சொல்லிட்டு, கண்ணு தப்பின துணிக்கெல்லாம் தானே முத்திரை வச்சு அனுப்பியிருக்கா. எங்கப்பா குடிச்சா இதைச் சொல்லித்தான் அழுவாரு."

"என்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"பேத்தி முன்னாடி மீசையை முறுக்கிக்கிட்டுத் திரிஞ்ச மனுஷன், இதையா சொல்லுவாரு?"

மஸுமி மேஜை மேல் குனிந்தாள். அத்தான் வைத்த கண் ஒன்றின் மேல், சாயம் காயவில்லை என்றும் பாராமல் விரலை வைத்தாள். பிறகு அலமாரிக்குப் போய் வீட்டு முத்திரைச் சட்டத்தை எடுத்துவந்து, துணி ஓரத்தில் வைத்து இழுத்தாள். ஒகுமுரா என்று நூல் பிசகாமல் விழுந்தது. அத்தான் ஆனந்தத்தில் உதவிக்கு ஓடினார்.

"நீங்க கிட்ட வராதீங்க! கண்ணு மட்டுந்தான் உங்களுது" என்று மஸுமி கத்தினாள். கத்தும்போதே அழுதுகொண்டும் இருந்தாள்.

அந்தத் துணியில் முதல் சட்டையை நோப்ரிகா அம்மாளுக்குத்தான் தைத்தேன். அளவு விஷயத்தில் எனக்கும் அத்தானுக்கும் ஒரு பெரிய சண்டை. வீட்டுக்காரர் ஆள் மலை போல இருந்திருக்கிறார்; அந்த அம்மாளோ ஒரு கைப்பிடி. தோளைக் கொஞ்சம் பிடித்துத் தைக்கிறேன் என்று நான் சொல்ல, மூலத்தில் கை வைக்காதே என்று அவர் சொல்ல, கடைசியில் அவர் இஷ்டப்படியே அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்ததும் ஹிலோவிலிருந்து ஃபோன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"அம்மா, ரொம்பத் தொளதொளன்னு இருக்கா? திருப்பி அனுப்புங்க, தோளைச் சின்னதாக்கித் தரேன்."

"வேணாம்மா" என்றார் அவர். "அவர் இருந்தப்போ ராத்திரி குளிர்ந்தா அவரோடதை எடுத்துப் போட்டுக்குவேன். அப்பவும் எனக்கு இப்படித்தான் முட்டி வரைக்கும் தொங்கும்."

ஃபோனை அத்தானிடம் கொடுத்துவிட்டு மூக்கைச் சிந்தப் போனேன்.