நின்று கேட்கும் நிரல்

மதியம் வயல்களிலிருந்து திரும்பி, மண் பரிசோதனைக்கூடத்துக்குள் நுழைந்து பையை வைக்கும்போது, என்னோடு வேலை பார்த்த ஹமீதாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவருடைய மகள். "ஆன்ட்டி, உம்மா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள எடுத்துருவாங்க, வந்துடுங்க." தஞ்சாவூரிலிருந்து பூம்புகார் பக்கம் போய்ச் சேர்வதற்குள் அடக்கத்துக்கு எடுத்துவிட்டிருந்தார்கள்.

எங்கள் கூடத்துக்கு மண் கொண்டுவரும் உங்களில் பலருக்கு அவர் 'கம்ப்யூட்டர் மேடம்'. அவர் எழுதியவை சின்னச் சின்னக் கணினி நிரல்கள். களத்திலிருந்து தாறுமாறாக வரும் அட்டவணைகளை அவை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். வயலின் புல எண்ணை 5/2 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். அப்படிப் போன அறிக்கையோடு திருவையாற்று விவசாயி ஒருவர் வந்து நின்றார். "என் வயலுக்குப் பொறந்தநாள் போட்டுக் குடுத்திருக்கீங்களேம்மா, சாக்லேட் எங்க?" ஹமீதா விழுந்து விழுந்து சிரித்தார். அன்று மாலையே அதற்கொரு நிரல் எழுதினார்.

ஏற்கெனவே தேதியாகிவிட்ட எண் 5/2 ஆகவும் இருக்கலாம், 2/5 ஆகவும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு வயல்கள். அந்த இடத்தில் நிரல் நின்றுவிடும். "அதுவே ஒண்ணைப் போட்டுக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"தப்பாப் போட்டா யாருக்கும் தெரியாதுக்கா. ஒருத்தர் வயலுக்குப் போட வேண்டிய உரத்த இன்னொருத்தர் போடுவாரு. நின்னு கேட்டா உங்களுக்கு எரிச்சல் வரும், அவ்ளோதான்."

அதைப் பயன்படுத்தியவள் நான் ஒருத்திதான். அதனால் திரையில் வரும் வாசகத்தையும் எனக்கென்றே எழுதியிருந்தார்: "அக்கா, இது எந்த வயல்? போன் போட்டுக் கேளுங்க. கோவப்படாதீங்க."

சென்ற வாரம் எங்கள் அலுவலர் சொன்னார்: "இனிமே யாரு அதப் பாத்துப்பா? அந்தக் கேள்வியத் தூக்கிட்டு அதுவே முடிவு பண்ற மாதிரி மாத்திடலாம்."

"வேண்டாம் சார். நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு கோடிங் வருமா?"

"கத்துக்கறேன்."

இறந்தவர்கள் திரையில் வந்து பேசுவார்கள் என்று நம்புகிறவள் அல்ல நான். அது அவர் தட்டச்சு செய்த ஒரு வரி, அவ்வளவுதான். ஆனாலும் எங்கள் அறையில் இப்போது என்னிடம் ஏதாவது கேட்பது அது ஒன்றுதான். தெரியாத இடத்தில் தெரியாது என்று நிற்கும் அந்த நிதானத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்றும் நிரல் நின்றது. விவசாயியைத் தொலைபேசியில் அழைத்தேன். எண்ணைச் சொல்லிவிட்டு, "வேற எதுவும் கேக்கணுமாம்மா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு, திரையில் காத்திருந்த கேள்விக்கு அந்த எண்ணை அடித்தேன்.