வெயிலில் ஒரு ஸ்வெட்டர்

பச்சையம்மாள் ஸ்வெட்டரின் கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிச் சேற்றில் இறங்குகிறாள். பகல் பதினொரு மணி. கோமுகி அணைக்குக் கீழே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்ற பெண்கள் புருஷன்மாரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வேர்த்து வழிகிறார்கள். இவளுக்கு மட்டும் சட்டைக்கு மேல் அந்த ஸ்வெட்டரும் வேண்டும்.

"அக்கா ஊட்டிக்குக் கெளம்பிடுச்சிடி!" என்று கூட நடுகிற மலர்விழி கத்துவாள்.

"குளுருது. இன்னா பண்ணச் சொல்ற?" தினமும் இதே பதில்தான்.

கச்சிராயபாளையத்தைச் சுற்றி நடவு என்றால் பச்சையம்மாள் குழுதான். பன்னிரண்டு பேர். வரப்போரத்து முதல் வரிசை எப்போதும் அவளுடையது. அவள் கை போகிற வேகத்துக்கு மற்ற பதினோரு பேரும் குனிந்தபடியே பின்னால் நகர வேண்டும். யாராவது சுணங்கி நின்றால் போச்சு, பக்கத்து வரிசைக்காரிகள் அவள் முதுகுக்குப் பின்னால் வளைத்து நட்டு அடைத்துவிடுவார்கள். நாலாபுறமும் நாற்று. மிதிக்காமல் வெளியே வர வழி தெரியாமல் அவள் முழிக்க, வயலே சிரிக்கும். இந்தக் குறும்பைக் கொண்டுவந்ததே பச்சையம்மாள்தான். மலர்விழி வந்து சேர்ந்த புதிதில் ஒரே நாளில் மூன்று தடவை அடைத்து அழவிட்ட புண்ணியவதி!

தைராய்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. பிறகு ஒரு மணி நேரம் டீ கிடையாது. அந்த ஒரு மணி நேரமும் அடுப்பில் கொதிக்கும் டீயைப் பகையாளியைப் பார்ப்பது போல் முறைத்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் தவறியதில்லை. ஆனாலும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, காலையில் முகம் வீங்கிக் கிடக்கிறது, உடம்பைத் தூக்கிக்கொண்டு நடப்பதே பெரும்பாடு. பேசிக்கொண்டிருக்கும்போதே மலர்விழியின் பெயர் மறந்துபோய் "ஏ... இவளே" என்கிறாள்.

போன மாதம் கள்ளக்குறிச்சியில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். "எல்லாம் நார்மலா இருக்கும்மா. இதே மாத்திரையப் போடுங்க."

"அப்ப ஏம் மேடம் குளுருது?"

அவர் மறுபடியும் தாளைத்தான் பார்த்தார். "ரிப்போர்ட் நல்லா இருக்கு. மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அவள் புருஷன் வீரமுத்து, எதிரில் வந்தவர்களிடமெல்லாம் "நார்மல் வந்துடுச்சி!" என்று சொல்லிவிட்டான். இவளும் லேசுப்பட்டவளா? காராபூந்தி வாங்கிப் போய்க் குழுவுக்கே கொடுத்து, "இனிமே பாருங்கடி என் வேகத்த" என்று சவால் வேறு விட்டாள். இப்போது யாரிடம் போய் முடியவில்லை என்று சொல்வது?

"ரத்தம் பொய் சொல்லாதுன்றாங்களே, பச்ச?" என்றான் வீரமுத்து. குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

"அப்ப நான்தான் பொய் சொல்லிக்கினு கீறனா?"

அவளுக்கே தெரியாதபோது அவன் என்ன செய்வான், பாவம். நோவா, வயசா, சோம்பேறித்தனமா? தன் உடம்பைத் தானே நம்ப முடியாமல் போனதுதான் அவளுக்குப் பெரிய கேவலமாக இருக்கிறது. போதாததற்கு வயல்காரர் நேற்று வரப்பில் நின்று, "நாளையிலேர்ந்து மொதோ வரிசைய மலரு புடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று பச்சையம்மாள் இரண்டாவது வரிசை. மதியம் இடுப்பை நிமிர்த்தி ஒரு நிமிஷம்தான் நின்றாள். குபீரென்று சிரிப்பு. திரும்பினால் நாலாபுறமும் நாற்று, அடைத்துவிட்டார்கள்.

வழக்கமாக யார் எது செய்தாலும் ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டுகிறவள், அப்படியே நின்றாள். "எந்தப் பக்கம்டி வர்றது?" என்றாள். கண் கலங்கியிருந்தது. சிரிப்பு ஒவ்வொருத்தியாக நின்றது.

மலர்விழி நாற்றுகளுக்கு நடுவே கால் வைத்து வந்து கையை நீட்டினாள். "வாக்கா. சும்மா வெளாட்டுக்கு."

சேற்றுத் தண்ணீர் காலைச் சுட்டுக்கொண்டிருந்தது. பிடித்த அக்காவின் கையோ மார்கழி மாதத்துக் குழாயடித் தண்ணீராகச் சில்லிட்டுக் கிடந்தது. மலர்விழி அண்ணாந்து சூரியனைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். பிறகு தன் கைச் சேற்றைச் சட்டையில் துடைத்துவிட்டு, அந்தக் கைகள் இரண்டையும் உள்ளங்கைகளுக்குள் வைத்துப் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தாள்.