நாலாவது பக்கம்

சுரைக்காயின் நடுவில் கத்தியை இறக்கி, ஒரே இழுப்பில் இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்கிறார் குணமதி. திருப்தியில்லை. ஓரத்தில் இன்னொரு மெல்லிய சீவல் எடுக்கிறார். பிறகு அதை மேசைமேல் நிறுத்திவைத்து, கரும்பலகையில் வரைந்திருக்கும் இரும்புக் கட்டையின் படத்தையும் அதையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"விதை இருக்கிற எடத்தயெல்லாம் ஓட்டைன்னு வச்சிக்கலாமா சார்?"

வகுப்பு சிரிக்கிறது. ஒரு பொருளைப் பாதியாக வெட்டினால் அதன் உட்புறம் எப்படித் தெரியும், அதைத் தாளில் எப்படி வரைவது என்பது அன்றைய பாடம். ஆளுக்கொரு உருளைக்கிழங்கு கொண்டுவரச் சொல்லியிருந்தார் ஆசிரியர் இளஞ்செழியன். குணமதி சமண வீட்டுப் பெண். மண்ணுக்கடியில் விளைவது அவர் அடுப்புக்கு வருவதில்லை. "கெழங்கு எங்க வூட்ல சேக்கறதில்ல சார். சுரைக்காய் கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்குது, நான் சதுரமா சீவிக்கிறேன்" என்று முதல் நாளே சொல்லி வைத்துவிட்டார். பாடம் முடிந்ததும் மற்றவர்களின் உருளைக்கிழங்குக் கட்டைகள் குப்பைக்கூடைக்குப் போயின. இவருடையது துணியில் சுற்றப்பட்டு, மறுநாள் கூட்டுக்கென்று பைக்குள் போனது.

அண்ணாமலை தெரியும் வேங்கிக்காலில் எங்கள் தெருவில்தான் அந்த வகுப்பு நடக்கிறது. ஊருக்கு வெளியே இருக்கும் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்று, தன்னிடம் தொழில் பழகுகிறவர்களுக்குப் பாடம் சொல்ல வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகள். ஒன்றில் கரும்பலகையும் பெஞ்சுகளும். மற்றதில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ்கள் வரிசையாகப் பூட்டிய நீள மேசை. வாசலைக் கடக்கும்போதெல்லாம், இரும்புத்தூள் மணக்கும் அந்த அறையில் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கும் பெண் யார் என்று எனக்குக் குறுகுறுத்தது. அனுமதி கேட்டுச் சில சனிக்கிழமைகள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

கூடத் தொழில் பழகுகிறவர்கள் எல்லாம் மீசை அரும்பியும் அரும்பாமலும் இருக்கும் பையன்கள். குணமதிக்குப் பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண் இருக்கிறாள். கணவர் ஜம்புகுமார் கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஆசிரியருக்கே குணமதியைவிட வயது குறைவு. பாடம் நடத்தும்போது வாய் தவறி ஒருநாள் "அக்கா" என்றுவிட்டாராம். அதுவே நிலைத்துவிட்டது. குணமதி மட்டும் "சார்" என்பதை விடவில்லை. "தம்பின்னு கூப்டா தப்பா போட்டாலும் மன்னிச்சுடுவாரு. அது வாணாம்."

பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். வகுப்போ விளக்கு வைத்த பிறகுதான் முடியும். அதனால் சேர்ந்த புதிதில், சூரியன் மலைப்பக்கம் இறங்கத் தொடங்கியதும் பின்பெஞ்சில் உட்கார்ந்து சத்தமில்லாமல் டப்பாவைத் திறந்திருக்கிறார். சத்தம் வரவில்லை, புளிசாதத்தின் வாசனை வந்துவிட்டது. பையன்கள் திரும்பித் திரும்பிப் பார்க்க, பாடம் நின்றுபோனது. இப்போது அந்த நேரத்தில் எல்லோருக்கும் இடைவேளை. பக்கத்து வைஸில் நிற்கும் பிரசாத் என்ற பையன் ஜன்னலைப் பார்த்து, "யக்கா, சூரியன் போவுது, சீக்கிரம் தொற" என்று அவசரப்படுத்துவான்.

எதைக் கண்டாலும் அளந்துபார்க்கும் பழக்கம் இவருக்கு எப்போது வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. தடிமனை நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டர் கையில் கிடைத்த அன்று வாழையிலையை அளந்தார். வளையலை அளந்தார். என்னிடம் தயங்கித் தயங்கி ஒரு தலைமயிர் கேட்டார். பிடுங்கிக் கொடுத்தேன். கருவியின் இரண்டு முகங்களுக்கு நடுவே அதை வைத்து, 'டிக்' சத்தம் கேட்கும்வரை காதருகே மெல்லத் திருகி, "உங்களுது கொஞ்சம் கம்மி. எம்பொண்ணுது ஜாஸ்தி" என்றார். அந்தக் குரலில் ஒரு தாயின் பெருமை இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

கோணம் பார்க்கும் கருவியைச் சொல்லிக்கொடுத்த நாளில், ஜன்னலுக்குப் போய் அதை நீட்டி அண்ணாமலையின் சரிவோடு பொருத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, சாமியவே அளக்கிறியா?" என்றான் பிரசாத்.

"உனுக்கு சாமி, எனுக்கு மலை. சரிவு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானடா."

தொழிற்சாலையில் பல வருஷமாகப் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தவர் குணமதி. ஷிப்ட் மாறி மாறி வரும். மாலை ஷிப்ட் என்றால், சாப்பாட்டு மணி அடிக்கும்போது வெளியே இருட்டியிருக்கும். டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவார். பசியைப் பற்றிச் சொல்லும்போது அவர் சிரித்தார். அச்சுகளைச் செய்யும் டூல் ரூமில் பகல் வேலை மட்டுமே. ஆனால் அங்கே போக ஆசைப்பட்டதற்கு அவர் முதலில் சொல்லும் காரணம் வேறு. "ஒரே மாதிரி சாமான் மூட்டை மூட்டையா வருது, நான் கட்டிகினே இருக்கேன். எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு அச்சு இருக்கணும் இல்ல? அத யாரு செஞ்சாங்க, எப்டி செஞ்சாங்கன்னு பாக்க வாணாமா?"

போன சனிக்கிழமை அதற்கான தேர்வு. ஒரு சதுரக் கட்டை. அது உட்காரும்படி, மறுபக்கம் வரை திறந்த சதுரக் குழி வெட்டிய ஒரு தடித்த தகடு. இரண்டையும் அரத்தால் ராவியே பொருத்த வேண்டும். கட்டையின் எந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டாலும் குழியில் வழுக்கிக்கொண்டு உட்கார வேண்டும், இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. தேறினால் டூல் ரூம். இல்லையென்றால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும், அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து.

காலையிலிருந்து நிமிராமல் ராவிக்கொண்டிருந்தார். மதியத்துக்குப் பிறகு கட்டையைக் குழியில் போட்டு வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் சரி. திருப்பினார், சரி. மூன்றாவதும் சரி. நாலாவது பக்கத்தில், ஒரு மூலையில், மயிரிழை போல வெளிச்சம்.

பிரசாத் எட்டிப் பார்த்துவிட்டுச் சின்னச் சுத்தியலை அவர் பக்கம் தள்ளினான். ஓரத்தில் லேசாகத் தட்டினால் இரும்பு பிதுங்கி இடைவெளியை மூடிவிடும். இந்தத் தொழில் பழகுகிறவர்கள் எல்லோரும் அறிந்த கள்ளத்தனம் அது.

"ஒரு தட்டுக்கா. மூடிக்கும்."

"மேல மூடிக்கும். உள்ள காலியாத்தான இருக்கும்?"

"உள்ள யாருக்கா பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேனே."

"நீ கண்ண மூடிக்க."

குணமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுத்தியலைத் திருப்பித் தள்ளிவிட்டு அரத்தை எடுத்தார். ஆனால் எங்கே கை வைத்தாலும் மற்ற பக்கங்கள் தளர்ந்துபோகும். வைத்த அரத்தை அப்படியே எடுத்துவிட்டார். நேரம் முடிந்தது.

இளஞ்செழியன் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். கையில், இடைவெளியைச் சோதிக்க விசிறி போல் விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள். அவற்றில் ஆக மெல்லியது இடுக்கில் நுழைந்தால் தேர்வு போயிற்று. குணமதியின் கட்டையைத் துணியால் துடைத்து ஒரு பக்கம் வைத்துப் பார்த்தார். தகடு நுழையவில்லை. இரண்டாவது பக்கத்திலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்தப் பையன்களில் பாதிப் பேர் தோற்றிருந்தார்கள். இந்த அக்கா தேற வேண்டும் என்று அவருக்கு ஆசை. நாலாவது பக்கத்துக்குத் திருப்பினார். ஜன்னல் வெளிச்சம் அந்த மூலையில் மின்னிற்று. கண நேரம் நின்றார். பிறகு தகடுகளை மடித்து மேசையில் வைத்துவிட்டு, தேறினார் என்று எழுதப் பேனாவை எடுத்தார்.

பிரசாத் வேறெங்கோ பார்ப்பது போல நின்றான்.

"நாலாவது பக்கம் வச்சுப் பாக்கலையே சார்" என்றார் குணமதி.

"பாத்த வரைக்கும் போதும்க்கா. விடுங்க."

"ரொம்ப நேரமா அதையே யோசிச்சிகினு இருக்கேன் சார். போவுதா போவலையான்னு தெரியணும்."

அவர் தடுப்பதற்குள் குணமதியே தகடுகளை விரித்து, ஆக மெல்லியதைப் பிரித்து, அந்த மூலையில் வைத்தார். அழுத்தவில்லை. அது தானாக உள்ளே போயிற்று.

பிரசாத் தலையில் கைவைத்துக்கொண்டான். "போச்சுக்கா" என்றார் இளஞ்செழியன், மிக மெதுவாக. "இனி ஆறு மாசம். திரும்பவும் பேக்கிங்தான்."

"சரிங்க சார்" என்றார் குணமதி. அவர் நிமிரவில்லை. தகட்டை வெளியே உருவாமல், அது எதுவரை உள்ளே போய் நிற்கிறது என்று குனிந்து பார்த்தார். பிறகு மேசையிலிருந்த கூர்முனைக் கம்பியை எடுத்து, அது நின்ற இடத்துக்கு நேரே, இரும்பின் மேல் சின்னதாக ஒரு கோடு கிழித்தார்.