இரண்டாவது டிஸ்க்

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். கண்டி நகரத்தில் வாகன உதிரிப்பாகம் விற்கும் கம்பனி ஒன்றில் கம்பியூட்டர்களைக் கவனிப்பது என் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கியிருந்தேன். ஒருநாள் காலை தெல்தெனியப் பக்கம் குண்டு வெடித்தது. மறுநாள் எங்கள் ஸ்டோர்ஸில் வேலை செய்த தெல்தோட்டைக்காரனைப் பொலிஸ் கொண்டுபோனது. குண்டு வெடித்த நேரத்தில் அவன் தெல்தெனியவில் நின்றானாம்!

அந்த நேரத்தில் அவன் எங்களோடு நின்று, மனைவி சுட்டுக் கொடுத்த வடையைப் பங்குவைத்துக்கொண்டிருந்தான். ஒபீஸே தின்றது. பொலிஸ் வந்து கேட்டபோது, தின்ற வாய் ஒன்றுக்கும் அது எந்த நாள் என்று ஞாபகம் வரவில்லை. நான் மட்டும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஒயாத் தெமளனே," என்றார். நீயும் தமிழன்தானே என்று அர்த்தம்.

மிச்சமிருந்த ஒரே சாட்சி கேட் கமரா. அதன் பதிவுகள் சேர்வரின் இரண்டாவது டிஸ்க்குக்குப் போகும். டிஸ்க் நிறைந்ததும் பழைய நாளை அழித்து அதன்மேல் புதிய நாள் ஏறும். அடுத்து அழியவிருந்தது அந்த நாள்தான். பிரதி எடுக்கலாமா என்று அவனுக்காக வந்த வக்கீலைக் கேட்டேன். "வேண்டாம். நீர் செய்த படமெண்டு சொல்லிப்போடுவினம். கோட் கேக்கும்வரை டிஸ்க்கை அப்பிடியே வையும்," என்றார். மனேஜரிடம் சொல்லிவிட்டு, டிஸ்க்குகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்து, இரண்டாவதின் மேல் மவுஸை வைத்து வலது பொத்தானை அழுத்தி, 'ஓஃப்லைன்' கொடுத்தேன். உள்ளே இருந்தது உள்ளேயே இருக்கும். புதிதாக எதுவும் ஏறாது. தொடவேண்டாம் என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி சேர்வரில் ஒட்டினேன். தமிழில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதற்கும் ஒரு விசாரணை வந்திருக்கும்.

அடுத்த கிழமை, வெளியூர்த் தமிழர் எல்லாரும் பொலிஸில் வந்து பதியவேண்டும் என்று அறிவித்தார்கள். காலையில் போய் வரிசையில் நின்றேன். நான் இன்னார்தான் என்று நிரூபித்து முடிக்க ஒரு முழுநாள் போயிற்று.

மறுநாள் ஒபீஸுக்குப் போனால் டிஸ்க்கின் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. கமரா பதியவில்லை என்று கொழும்புத் தலைமை ஒபீஸிலிருந்து போனில் ஏசினார்களாம். மனேஜர் கணக்குப் பிரிவுப் பையனைக் கூப்பிட்டு, 'ஒன்லைன்' என்ற சொல்லை அழுத்தச் சொல்லிவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். டிஸ்க்கில் இருந்த ஆகப் பழைய நாள், அந்த வடைக் காலை, முதலில் அழிந்திருந்தது.

எனக்கு விசர் வந்துவிட்டது. வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். "நீ இருக்கவில்லையே. இருந்திருந்தால் உன்னைக் கேட்டுத்தானே செய்திருப்போம்," என்றார் மனேஜர் சிங்களத்தில். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

பின்னேரம் தெல்தோட்டைக்காரனின் மனைவி கேட்டுக்கு வந்தாள்.

"எப்பங்க அந்தப் படத்தைக் காட்டுவீங்க?"

சொன்னேன். வேறென்ன செய்ய? அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தலையைத் தூக்கிக் கமராவைப் பார்த்தாள்.

"இப்ப இது வேல செய்யுதுங்களா?"

"ஓம்."

"என்னையும் புடிக்குதா?"

"ஓம்."

சட்டென்று முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்ப நான் போயிர்றேங்க. என்னையும் கொண்டுபோயிட்டா புள்ளைகள யாரு பாப்பா?"

சுவரோடு ஒட்டி ஒட்டி நடந்துபோனாள்.